மாசம் ஆயிரம் ரூபாய்ல என்ன ஆகிடப்போகுது? புதுக்கோட்டையில் இருந்து ஒரு வீட்டுக் கணக்கு

ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதியை ஒட்டி, தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் வரவு வைக்கப்படுகிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. பணம் வந்ததாக எஸ்எம்எஸ் வந்த கையோடு, சமூக வலைதளங்களில் இரண்டு கமென்ட்களும் தவறாமல் வந்துவிடும். ஒன்று: "ஆயிரம் ரூபாயை வெச்சு என்ன பண்ணிட முடியும்?" இன்னொன்று: "இப்படிச் சும்மா காசு கொடுத்தா எவன் வேலைக்குப் போவான்?"

சில நேரம் இந்த இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்வார். எதற்கும் போதாத அளவுக்குச் சின்னத் தொகை. ஆனால் ஆளையே சோம்பேறி ஆக்கும் அளவுக்குப் பெரிய தொகை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும்?

சண்டையை விட்டுவிட்டு, ஒரு வீட்டின் வரவு செலவை உட்கார்ந்து பார்ப்போம். நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும் அரசுப் பணம் ஒரு கிராமத்து ஏழைக் குடும்பத்துக்குள் என்ன செய்கிறது? எங்கே சிக்கிக்கொள்கிறது? இதை ஒட்டி எங்கள் கருத்து ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில், வீடு

புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், 70 வயதைத் தாண்டிய அப்பத்தா. ஒரு ஏக்கர் வானம் பார்த்த நிலம். மழை பெய்தால் கடலை, உளுந்து. மற்ற நாட்களில் கணவருக்குக் கட்டட வேலை, இல்லாவிட்டால் தைலமரம் வெட்டும் வேலை. மனைவிக்குச் சீசனில் களையெடுப்பு, கடலை பறிப்பு, அப்புறம் நூறு நாள் வேலை.

இது கணக்குக்காக நாம் உருவாக்கிக்கொண்ட குடும்பம். ஆனால் கீழே வரும் தொகைகள் எல்லாம் நிஜமானவை.

- மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை: மாதம் 1,000 ரூபாய். வருடத்துக்கு 12,000.
- அப்பத்தாவுக்கு முதியோர் ஓய்வூதியம், ஊர் வழக்கில் ஓஏபி பணம்: மாதம் 1,200 ரூபாய். வருடத்துக்கு 14,400.
- அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன மகளுக்குப் புதுமைப் பெண் திட்டம்: மாதம் 1,000 ரூபாய். வருடத்துக்கு 12,000.
- நிலம் கணவர் பெயரில் இருப்பதால் பிஎம் கிசான்: நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய். வருடத்துக்கு 6,000.

மொத்தம் வருடத்துக்கு 44,400 ரூபாய். சராசரியாக மாதம் 3,700.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எல்லா வீட்டுக்கும் இந்த நான்கும் கிடைக்காது. நிலமே இல்லாத குடும்பத்துக்கும், அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கும் பிஎம் கிசான் இல்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளை இல்லாத வீட்டில் புதுமைப் பெண் இல்லை. பல வீடுகளில் அந்த 1,000 ரூபாய் மட்டும்தான். இன்னொன்று, இந்த 3,700-ம் ஒரே கையில் விழுவதில்லை. நான்கு பேர், நான்கு கணக்கு, நான்கு தேதி.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண். 2025-26-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்து, முழுக் கூலியும் வந்தால்தான் 33,600 ரூபாய்.

தொகையை விடத் தேதி ஏன் முக்கியம்?

மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இது சட்டென்று புரியாது. நமக்கு வருமானம் ஒரு நேர்கோடு. கூலிக் குடும்பத்துக்கு அது மேடும் பள்ளமும்.

புதுக்கோட்டையில் காவிரி பெரிய அளவில் பாயும் ஊர்கள் குறைவு. கண்மாயையும் மழையையும் நம்பித்தான் மாவட்டத்தின் பெரும்பகுதி விவசாயம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் சில மாதங்களுக்கு வேலை இருக்கும். கோடையில் நிலத்தில் வேலை இருக்காது. அடைமழை நாட்களில் கட்டட வேலை நின்றுவிடும். இரண்டும் இல்லாத வாரத்தில் வீட்டுக்கு வரும் பணம் பூஜ்யம். ஆனால் செலவு பூஜ்யம் ஆகாது.

அந்தப் பள்ளத்தை இத்தனை நாள் எதைப் போட்டு நிரப்பினார்கள்? மூன்று வழி. மளிகைக் கடைக் கணக்கு நோட்டு, நகை அடகு, வாரத் தவணைக் குழுக் கடன்.

இந்த மூன்றிலும் விலை இருக்கிறது. மூணு வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 300 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். குழுக் கடனில் தவணை தவறினால் வீட்டு வாசலில் ஆள் உட்காரும். வலுக்கட்டாயமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இப்போது இதற்குள் 15-ம் தேதி என்ற ஒன்றைக் கொண்டுவந்து வையுங்கள். தொகை சின்னதுதான். ஆனால் அது வரும் என்பது தெரியும். "15-ம் தேதி பணம் வந்துரும், அன்னைக்குக் கொடுத்துடறேன்" என்று கடைக்காரரிடம் சொல்ல முடியும். அவரும் நம்பிச் சாமான் கொடுப்பார். சிலிண்டர் தீர்ந்த அன்றைக்குத் தோடு அடகுக்குப் போகாது. மாத்திரை வாங்குவதைக் கூலி வரும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. அரிசி ரேஷனில் இலவசம், நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், கையில் வரும் ரூபாய் பருப்பு, எண்ணெய், மருந்து, நோட்டுப் புத்தகம் என்று நேராகப் போய்ச் சேர முடிகிறது.

தேதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. நூறு நாள் வேலைக்கான கூலியை 15 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி இருப்பதாக 2025 ஜனவரியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அது தானமோ உதவியோ இல்லை. வெயிலில் நின்று மண் வெட்டியதற்கான கூலி. பொங்கலுக்கு வர வேண்டிய அந்தப் பணம் பல வாரம் கழித்து வந்தால், வாங்கிய கடனுக்கு அதற்குள் வட்டி ஏறியிருக்கும். ரூபாய் அதேதான், மதிப்பு அதே இல்லை.

பேறுகால உதவியிலும் இதே பாடம்தான். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் இருக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம், 18,000 ரூபாய் மதிப்புள்ளது. அதில் 14,000 ரூபாய் ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். கர்ப்பிணி நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும், கடைசி மாதங்களில் கூலி வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கான பணம் அது. கர்ப்ப காலத்துத் தவணை பிரசவம் முடிந்து வந்தால், பழைய கடனை அடைக்க உதவும். அந்தத் தாய் அன்றைக்குச் சாப்பிட வேண்டிய முட்டையை அது திருப்பிக் கொண்டுவராது.

யார் பெயரில் வருகிறது?

நம் வீட்டுக் கணக்கில் வந்த நான்கில் மூன்று, பெண்களின் பெயரில் வருகிறது. கூலி கணவர் கையில் வரும்போது, வீட்டுக்கு எவ்வளவு என்று அவர்தான் முடிவு செய்வார். பணம் மனைவியின் கணக்கில் விழும்போது, அந்த அளவுக்காவது கேட்டு வாங்க வேண்டிய நிலை மாறுகிறது. மகளின் ஆயிரம் மகள் கணக்கில் வருவதால், பரீட்சைக் கட்டணத்துக்கும் பஸ் பாஸுக்கும் அவள் யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. "படிச்சது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்ற பேச்சு வரும்போது, "படிக்கிறவரைக்கும் மாசம் ஆயிரம் வருதுல்ல" என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இருக்கிறது. அப்பத்தாவுக்கு வெற்றிலை பாக்கு செலவும், பேத்திக்குக் கொடுக்கும் பத்து ரூபாயும் அவருடைய சொந்தப் பணம்.

புதுக்கோட்டைக்கு இது புதிய விஷயமும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து இங்கே பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரிகளில் கூலிக்கு உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரி குத்தகை கொடுக்கப்பட்டது. சைக்கிள் ஒரு வாகனம் மட்டும்தான். ஆனால் பஸ்ஸுக்கோ, கூட்டிப்போகும் ஆணுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை என்பது பெரிய விஷயமாக இருந்தது. சொந்த வங்கிக் கணக்கையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும்.

ஆனால் இதை ஓவராகக் கொண்டாடவும் முடியாது. கணக்கு அவர் பெயரில் இருந்து, ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கணவர் பாக்கெட்டிலோ மகன் போனிலோ இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. சைக்கிளை வாங்கிக் கொடுத்தால் போதாது, ஓட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் 90-களின் அனுபவம். இன்றைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது ஏடிஎம், யுபிஐ, ஓடிபி மோசடியில் இருந்து தப்பிப்பது.

"எல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்"

இந்தச் சந்தேகம் உலகம் முழுக்க இருக்கிறது. அதனால் ஆய்வுகளும் நிறைய இருக்கின்றன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, உலக வங்கிக்காக டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா இருவரும் 2014-ல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். நேரடிப் பணம் கிடைத்த ஏழைக் குடும்பங்களில் மது, புகையிலைச் செலவு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்பதே அதன் முடிவு. சில இடங்களில் குறைந்தும் இருந்தது.

இந்தியாவிலும் ஒரு பரிசோதனை நடந்தது. 2011-12-ல் மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பும் யூனிசெஃபும் சேர்ந்து, தேர்ந்தெடுத்த கிராமங்களில் எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தன. பெரியவர்களுக்கு முதலில் 200 ரூபாய், பிறகு 300. குழந்தைகளுக்கு முதலில் 100, பிறகு 150. நிபந்தனை எதுவும் இல்லை. மக்கள் வேலைக்குப் போவது குறையவில்லை. மாறாக, பலர் சொந்த நிலத்திலும் சின்னச் சின்னத் தொழிலிலும் கூடுதல் நேரம் உழைத்தார்கள். விதை, ஆடு, தையல் மெஷின் வாங்க அந்தக் கொஞ்சப் பணம் போதுமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. மாதம் 1,000 என்பது ஒரு நாளைக்கு 33 ரூபாய். 33 ரூபாய்க்காக நாள் கூலியை யாரும் விட மாட்டார்கள். குடிக்கிறவர் இந்தப் பணம் வருவதற்கு முன்பும் குடித்தார். அது பெரிய பிரச்சினை, அதற்குத் தனியாகத் தீர்வு வேண்டும். மனைவியின் ஆயிரத்தை நிறுத்துவது அதற்குத் தீர்வு இல்லை.

"எங்க டாக்ஸ் பணம்"

மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26 பட்ஜெட்டில் 13,807 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பெரிய தொகைதான். அந்தப் பணம் எங்கே போகிறது, என்ன பலன் என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்த 'எல்லோரில்' அன்னவாசல் பெண்ணும் இருக்கிறார். சோப்பு, பற்பசை, போன் ரீசார்ஜ் என்று எதை வாங்கினாலும் அவரும் ஜிஎஸ்டி கட்டுகிறார்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2025 மத்திய பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தபோது, வருடம் 12 லட்சம் சம்பாதிப்பவருக்கு 80,000 ரூபாய் மிச்சம் என்று நிதியமைச்சரே சொன்னார். அதனால் அரசுக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்றும் சொன்னார். அதை நம்மில் யாரும் 'இலவசம்' என்று சொல்லவில்லை. "நடுத்தர வர்க்கத்துக்கு நிம்மதி" என்று ஸ்டேட்டஸ் வைத்தோம். அது நியாயமான நிம்மதிதான். அதே கண்ணோட்டத்தில் 12,000 ரூபாயையும் பார்க்கலாமே என்பதுதான் கேள்வி.

பணம் எங்கே சிக்குகிறது?

நேரடிப் பணப் பரிமாற்றத்தில் இடைத்தரகர் இல்லை என்பார்கள். பாதி உண்மை. ஆள் இருந்த இடத்தில் இப்போது சாஃப்ட்வேர் இருக்கிறது.

*ஆதார் இணைப்பு:* ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் பணம், அந்த ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் போகும். குழுக் கடனுக்காக வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்து, அங்கே ஆதாரை இணைத்திருந்தால், பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். "இந்த மாசம் பணம் வரலை" என்று பழைய பாஸ்புக்கோடு அலைவார்கள். பணம் வந்திருக்கும், எங்கே என்றுதான் தெரியாது.

*கைரேகை:* ஆயுசுக்கும் களை எடுத்து, மண் சுமந்த விரல்களில் ரேகை தேய்ந்துபோவது சாதாரணம். வங்கி முகவரின் மெஷினில் அப்பத்தாவின் விரல் ஏற்கவில்லை என்றால், கையைக் கழுவு, துடை, மறுபடி வை. அன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு வா.

*வங்கியின் பிடித்தம்:* 2023 செப்டம்பரில் முதல் தவணை வந்தபோதே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்தில் கைவைத்தன. உரிமைத் தொகையை வேறு எதற்கும் பிடித்தம் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்க வேண்டிவந்தது. புகாருக்கு 1100 என்ற எண்ணும் அறிவிக்கப்பட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்றவை 2025-ல் சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த அபராதத்தையே கைவிட்டுவிட்டன. எல்லா வங்கியும் அப்படி இல்லை.

*தகுதி விதிகள்:* குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கரைத் தாண்டக் கூடாது. ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள், அதாவது இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். பேப்பரில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால்? முதல் கட்டத்தில் வந்த சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி ஏற்கப்பட்டன. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை நிராகரிக்கப்பட்டன. அவர்களில் தகுதி இல்லாதவர்களும் இருப்பார்கள், தகுதி இருந்தும் டேட்டாவில் தப்பியவர்களும் இருப்பார்கள். நிராகரிக்கப்பட்டவர்கள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைக்கப்பட்டது. 2025 டிசம்பரில் இரண்டாம் கட்டமாகச் சுமார் 17 லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டு, மொத்த எண்ணிக்கை 1.30 கோடி ஆனது. அந்த 17 லட்சத்தில், முதலில் நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் இரண்டு வருடத்துக்கு மேல் அந்த ஆயிரம் இல்லாமல் இருந்தவர்கள்.

விதி மாற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நம் அப்பத்தா மாதிரி முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் வீட்டில் இருந்தால், மருமகளுக்கு உரிமைத் தொகை இல்லை என்பதுதான் முதலில் இருந்த நிலை. 2023 ஆகஸ்ட்டில் அது தளர்த்தப்பட்டது. மாமியாரின் 1,200 ரூபாய்க்கும் மருமகளின் 1,000 ரூபாய்க்கும் வீட்டுக்குள் சண்டை மூட்டும் விதி அது. எடுத்தது நல்லது.

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் பிஎம் கிசான் பணம் 100 கோடி ரூபாய்க்கும் மேல் தகுதியில்லாதவர்களின் கணக்குகளுக்குப் போனது நினைவிருக்கும். சோதனை வேண்டும். ஆனால் சோதனையின் செலவை யார் சுமப்பது? தவறு சிஸ்டத்தில் இருக்கும்போது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைவது அந்தப் பெண்தான்.

அப்போ ரேஷனுக்குப் பதிலாகவும் பணமே கொடுத்துடலாமா?

பக்கத்தில் புதுச்சேரியில் செய்து பார்த்தார்கள். 2015-ல் அங்கே ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. காலப்போக்கில் ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன. பணம் வந்தாலும், சந்தையில் அரிசி விலை ஏறும்போது அதே தொகைக்கு அதே அளவு அரிசி கிடைக்காது. கடைகளைத் திறங்கள் என்ற குரல் தேர்தல் பிரச்சினையாகவே ஆனது. 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பு, ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன.

அன்னவாசல் வீட்டில் 1,000 ரூபாய் வேலை செய்கிறது என்றால், அதற்கு அடியில் இலவச ரேஷன் அரிசி, பள்ளியில் சத்துணவு, கட்டணமில்லா பஸ், அரசு மருத்துவமனை எல்லாம் தாங்கி நிற்பதும் காரணம். இவற்றை எடுத்துவிட்டுப் பணத்தை மட்டும் கொடுத்தால், அந்தப் பணம் அரிசிக்கடையிலேயே கரைந்துவிடும்.

தானமா, உரிமையா?

இந்த மாவட்டத்தின் பழைய காசு ஒன்று நினைவுக்கு வருகிறது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் 'அம்மன் காசு'. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரி நாட்களில் ஏழைகளுக்கு அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் கொடுப்பது அரண்மனை வழக்கம். நல்ல மனசுதான். ஆனால் அது ராஜா கொடுப்பது. திருவிழாவுக்குக் கிடைக்கும். அடுத்த வருடம் கிடைக்காவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது.

இன்றைய திட்டத்தின் பெயரிலேயே 'உரிமை' இருக்கிறது. அப்படியானால் அது உரிமை மாதிரி நடந்துகொள்ள வேண்டும். எங்கள் கருத்து இதுதான்: தொகையைக் கூட்டுவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் போட்டி போடுவதற்கு முன்னால், வருகிற பணம் உரிமையாக வருகிறதா என்பதைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நான்கு விஷயங்கள் தேவை.

முதலாவது, தேதி. எந்தத் திட்டமாக இருந்தாலும் சொன்ன தேதியில் பணம் வர வேண்டும். நூறு நாள் வேலைக் கூலிக்கு இது இன்னும் அவசியம். மத்திய அரசும் மாநில அரசும் ஒருவரை ஒருவர் கைகாட்டும் நாட்களில், வட்டி கட்டுவது தொழிலாளிதான்.

இரண்டாவது, காரணம். நிராகரித்தால் எந்த விதியில், எந்த ஆவணத்தின்படி என்று தமிழில், புரிகிற வார்த்தையில் எழுதிக் கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டை ஊராட்சி அலுவலகத்திலேயே கொடுக்க முடிய வேண்டும்.

மூன்றாவது, மாற்று வழி. கைரேகை விழாதவர்களுக்கு, படுக்கையில் இருப்பவர்களுக்குப் பணம் வீடு தேடிப் போக வேண்டும். இயந்திரம் ஏற்கவில்லை என்பது பணம் கொடுக்காததற்குக் காரணம் ஆகக் கூடாது.

நான்காவது, விலைவாசி. 1962-ல் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். இன்று 1,200. ஆனால் இடையில் உயர்ந்ததெல்லாம் ஆட்சியாளர்கள் மனசு வைத்தபோதுதான். தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு, 2007-ல் இருந்த அதே 200 ரூபாய். அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி இருப்பதைப் போல, இந்தத் தொகைகளும் விலைவாசியோடு சேர்ந்து தானாக உயர வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் 1,000 ரூபாய் ஒரு குடும்பத்தை வறுமையில் இருந்து தூக்கிவிடாது. அதற்குக் கண்மாயில் தண்ணீர், பக்கத்தில் வேலை, நல்ல பள்ளிக்கூடம் எல்லாம் வேண்டும். ஆனால் ஒரு மழை வாரத்தில், ஒரு காய்ச்சலில் அந்தக் குடும்பம் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாக அது இருக்க முடியும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று

இதைப் போனில் படிக்கும் பலருக்கு ஊரில் ஒரு அம்மா, அத்தை, அப்பத்தா இருப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவர்களுடைய ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று 'மைஆதார்' தளத்தில் பார்த்துச் சொல்லுங்கள். ஆதாரோடு இணைத்த மொபைல் எண் கையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. பாஸ்புக்கில் தெரியாத பிடித்தம் இருந்தால் வங்கியில் கேளுங்கள். மனு நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணம் கேட்டு எழுதிக் கொடுங்கள். அப்படியே ஏடிஎம்மில் பணம் எடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்துவிட்டு, கார்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.